பன்னிரண்டு பொட்டு வைத்த வேன்

திருவெறும்பூரில் முப்பது வருஷம் வெல்டிங் செய்து ஓய்வுபெற்ற ஆனந்தவள்ளிக்கு, ஸ்ரீரங்கத்தில் டிபன் கடை போட ஒரு பழைய வேன் வேண்டும். ‘துருவே இல்லை’ என்ற பேச்சை நம்பி ஆறு வண்டி பார்த்துவிட்டாள். ஒன்றில் ஏறி உட்கார்ந்ததும் அடித்தகடு பிய்ந்து கால் தரையில் நின்றது. அப்படியே தெருமுனைவரை வண்டியோடு நடந்தாளாம்.

ஏழாவது, பாலக்கரை நல்லதம்பியின் எண்பத்தெட்டாம் வருஷத்து வேன். மாலை போட்டு, சந்தனமும் குங்குமமும் அப்பி வைத்திருந்தார்.

“ஆயுத பூஜை முடிஞ்சு ஆறு மாசமாச்சு. கதவடியில எதுக்குங்க பன்னிரண்டு பொட்டு?”

“சாமி காரியம்ங்க. தொடாதீங்க.”

அவளுக்குச் சந்தேகம் தட்டியது. பையிலிருந்த காந்தத்தைப் பொட்டில்லாத இடத்தில் வைத்தாள், ஒட்டியது. பொட்டின் மேல் வைத்தாள், பொத்தென்று விழுந்தது. ஈரத்துணியால் துடைத்து அமுக்கியதும் துரு ஓட்டையை அடைத்திருந்த பட்டிப் பசை பெயர்ந்து விரல் உள்ளே போனது.

“ஓட்டைக்கு மூடி போட உங்களுக்குச் சாமிதான் கெடச்சுதா?”

“கோவப்படாதீங்க அக்கா. பழைய வண்டின்னா துரு இருக்கும்தானே?”

“அதை முதல்லயே சொல்லியிருந்தா, நானே தகடு வச்சு வெல்டு அடிச்சு எடுத்திருப்பேன். பொய்யை எதை வச்சு ஒட்டுறது?”

அடுத்த ஆள் வேன் பார்க்க வாசலில் வந்து நின்றார். ஆனந்தவள்ளி காந்தத்தையும் ஈரத்துணியையும் அவர் கையில் திணித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.