வெடியின் மேல் போட்ட பழி

நேரில் கண்டவற்றையும், மருத்துவர் என் முன்னால் சொல்லி நான் மறுமுறை கேட்டு உறுதி செய்துகொண்டவற்றையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். என் அக்காளுக்கு வந்திருக்கும் நோய் அரியது. அதைப் பற்றிய பேச்சோ மலிந்தது. மதுரையில் இதற்கு மருந்து வந்துவிட்டது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, காரியாபட்டியிலிருந்து ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு விருதுநகரில் என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கு இருந்தது வேறு நோய். வந்ததாகச் சொன்ன மருந்தும் வரவில்லை. இருவரும் தண்ணீர் குடித்துவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு நடந்தார்கள். அதைப் பார்த்த பிறகு, இந்நோயைக் குறித்து உறுதியற்ற ஒரு சொல்லும் என் கையிலிருந்து போகக் கூடாது என்று முடிவு செய்தேன். மருந்துகளின் பெயர்களையும் ஆய்வுகளின் பெயர்களையும் நான் சொல்லாமல் விடுவது இதனால்தான்.

நோய் இன்னதென்று சொல்லிவிடலாம். காதிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பின் மேல், இரண்டு பக்கமும் கட்டி வளர்கிறது. அது புற்றுநோய் அன்று. மெல்ல வளரும், வளர வளரக் கேட்கும் திறன் குறையும், நடை தடுமாறும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வருமா வராதா என்பது பூவா தலையா போட்டுப் பார்ப்பது போலத்தான்.

அக்காள் சிவகாசியில் இருக்கிறாள். பட்டாசுக் கம்பெனி ஒன்றில் பெட்டி கட்டும் வேலை. இடக்காதில் தொலைபேசியை வைத்தால் ஒன்றும் கேட்கவில்லை என்று அவள் சொன்னபோது, சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போட்டோம். முடிந்தபின் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். படம் மாலையில் கைக்கு வந்தது. மருத்துவரைப் பார்ப்பது மறுநாள். அச்சகத்தில் வேலை செய்யும் அத்தானுக்குப் பொறுக்கவில்லை. எங்கள் இருவரையும் அச்சகத்துக்கு அழைத்துப்போய், அடியில் குழல்விளக்கு எரியும் கண்ணாடி மேசைமேல் அந்தப் படத்தை விரித்தார். நாள்காட்டி முருகனையும் லட்சுமியையும் அச்சிடுமுன் நிறத்துக்கொரு படலமாக வைத்துப் பார்த்த மேசை அது. இப்போது அதன்மேல் என் அக்காளின் தலைக்குள் இருப்பது ஒளிர்ந்துகொண்டிருந்தது. மடிப்பு மடிப்பாக, வாதுமைப் பருப்பைப் பிளந்தாற்போல. எங்களுக்குப் படிக்கத் தெரியாது. ஆயினும் இரண்டு காதுகளுக்கும் நேரே இரண்டு வெண்புள்ளிகள் ஒன்றையொன்று பார்த்து நின்றதை மூவரும் கண்டோம்.

"அழகாத்தான் இருக்கு," என்றாள் அக்காள்.

மறுநாள் மதுரையில் மருத்துவர் படத்தைப் பார்த்ததும் முதலில் கேட்டது இதுதான்: "குடும்பத்துல வேற யாருக்காச்சும் காது கேக்காம இருக்கா?"

"இல்லை" என்று மூவரும் ஒரே குரலில் சொன்னோம்.

அறுவை செய்தால் இப்போது கேட்பதும் போய்விடக்கூடும் என்றார் அவர். வலக்காது இன்னும் பெருமளவு நன்றாக இருக்கிறது. அதைக் காப்பதே இனிக் காரியம். கட்டியைச் சுருக்கவோ வளராமல் நிறுத்தவோ சில மருந்துகளை மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வுகள் நடக்கின்றன. அவற்றில் ஒன்றில் இடம் கிடைக்குமா என்று தேடலாம் என்றார்.

திரும்பும் பேருந்து திருமங்கலத்தைத் தாண்டியிருக்கும். சன்னலோரம் இருந்த அக்காள் திடுமெனத் திரும்பினாள்.

"ஏலே தம்பி, அம்மாவுக்குக் காது கேக்காதுல்ல?"

"அது வெடிச் சத்தத்துல போனதுல்ல," என்றார் அத்தான்.

சொன்னவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். இருபதாண்டுகளுக்கும் மேலாக ஒரு சொல்லும் கேளாத தாயை வீட்டில் வைத்துக்கொண்டு, குடும்பத்தில் எவருக்கும் காது கேட்காமல் இல்லை என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். அது பொய்யும் அன்று. எங்கள் பக்கத்தில் செவிடு நோயாகக் கணக்கில் வருவதில்லை. ஆலையில் வேலை பார்த்தவருக்குக் கையில் தழும்பு இருப்பது போல அதுவும் ஒன்று. நான் பள்ளியில் படித்தபோது அம்மா வேலை செய்த பட்டாசு ஆலையில் அடுத்த அறை வெடித்தது. அம்மா காயமின்றித் தப்பினாள். கேட்கும் திறன் அன்றே போய்விடவில்லை. பல ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. இருட்டில் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கினாள். எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வெடி போதுமான காரணமாக இருந்தது. வேறு காரணம் தேட எவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

விஷயத்தைச் சொன்னதும், அம்மாவுக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார் மருத்துவர். மூக்குத்தியைக் கழற்ற வேண்டும் என்றார்கள். கல்யாணத்தன்று போட்டது, சோப்பு நுரை தடவித்தான் திருகை அசைக்க முடிந்தது. அதை அக்காள் உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டு அம்மா உள்ளே போனாள். அந்த இயந்திரம் எழுப்பும் ஓசையைக் கேட்டவர்கள் அறிவார்கள்: கதவுக்கு வெளியே நின்ற எங்களுக்கே சரவெடி கொளுத்தியது போலிருந்தது. காதடைப்பான் கொடுக்க வந்த பணியாளரைப் பார்த்து அம்மா சிரித்திருக்கிறாள். வெளியே வந்ததும் உரத்த குரலில் சொன்னாள்:

"ஒரே அமைதி! நல்லாத் தூங்கிட்டேன்."

காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை இரைச்சலின் நடுவே, கருப்பையில் கிடப்பது போல அவள் உறங்கியிருக்கிறாள்.

படத்தில் அதே இரண்டு வெண்புள்ளிகள், பெரியனவாக. இரத்தச் சோதனை ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை: மரபணுவில் ஒரே இடத்தில், ஒரே பிழை, தாய்க்கும் மகளுக்கும். ஓர் ஏட்டைப் படியெடுப்பவர் மூலத்தில் இருந்த பிழையையும் பிசகாமல் படியெடுத்தது போல. பிழையென்று தெரிந்தும் அந்த நேர்மையைக் கண்டு மலைக்காமல் இருக்க முடியவில்லை.

அக்காள்தான் அம்மாவிடம் சொன்னாள். அம்மா உதட்டைப் பார்த்தே பேச்சை அறிவாள்; ஆகையால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒலியில்லாமல் பேசத் தெரியும். அக்காள் வாயசைத்து முடிக்கும் வரை அம்மா அவள் உதட்டையே பார்த்திருந்தாள். பிறகு,

"அப்ப, இம்புட்டு வருசமா அந்தக் கம்பெனிக்காரன் எங்கிட்டச் சும்மாவா சாபம் வாங்கினான்?" என்றாள். மகளின் காதை விரலால் தொட்டாள். "ஏத்தா, எங்கிட்ட வாங்கிக்கிடுறதுக்கு உனக்கு வேற ஒண்ணும் கெடைக்கலையா?"

"மூக்குத்தியத்தான் திரும்ப வாங்கி மாட்டிக்கிட்டியே!" என்று வாயசைத்தாள் அக்காள். இருவரும் சிரித்தார்கள். சிரிப்பில் அம்மாவின் கண்கள் நிறைந்திருந்தன.

தேடும் வேலை என்னுடையது. உலகில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளைப் பதிந்து வைத்து, எவரும் பார்க்கும்படி இணையத்தில் திறந்து வைத்திருக்கிறார்கள். மிளகாய் மண்டிகள் நிறைந்த தெருவில், என் வீட்டு மேசையில் இருந்தபடி அவற்றைப் படித்தேன். சில முடிந்துவிட்டன. சில ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டன. ஒன்று சிறுவர்களுக்கு, ஒன்று அது நடக்கும் நாட்டில் வாழ்வோர்க்கு மட்டும். எந்தப் பக்கத்திலும் மனிதர் பெயர் இல்லை. ஆயினும் ஒவ்வொன்றின் பின்னாலும், என் அக்காளைப் போல ஒரு காதை இழந்து மறுகாதுக்கு அஞ்சிய சிலர் இருந்திருக்கிறார்கள். பயன் தமக்கு வருமா என்று அறியாமலே தம் உடம்பை ஒப்புக்கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் மொழி எதுவோ, ஊர் எதுவோ. அவர்கள் முன்னால் கைகூப்பத் தோன்றியது.

அக்காளுக்குப் பொருந்தக்கூடியது ஒன்றே ஒன்று அகப்பட்டது. அதை நடத்துவோருக்கு மருத்துவர் எழுதினார். குடும்பத்தின் சோதனை முடிவுகளையும் அனுப்பினார். மறுமொழி வந்தது: நோய் உறுதி, ஆனால் இரண்டு படங்களுக்கு இடையே கட்டி வளர்ந்திருந்தால்தான் இடம். ஆறு மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னார்கள்.

அந்த ஆறு மாதமும் எதை வேண்டிக்கொள்வது என்று வீட்டில் எவருக்கும் விளங்கவில்லை. "மாப்ள, வளரணும்னு கும்பிடவா, வளரக் கூடாதுன்னு கும்பிடவா?" என்று அத்தான் என்னைக் கேட்டார். அக்காள் மட்டும் நாள்தோறும் காலையில் வலக்காதில் தொலைபேசியை வைத்து எனக்குப் பேசினாள். "கேக்குது," என்பாள். வைத்துவிடுவாள்.

இரண்டாவது படத்தை மருத்துவர் கணினியில் அளந்தார். திரும்பவும் அளந்தார். "வளரல," என்றார்.

"அப்ப எடம் கெடையாதா, டாக்டர்?"

"இப்ப கெடையாதும்மா."

"நான் சந்தோசப்படணுமா, வருத்தப்படணுமா?"

"சந்தோசப்படுங்கம்மா. மருந்தில்லாமலே அது சும்மா இருக்கு."

அக்காள் தன் வலக்காதைக் கையால் பொத்திக்கொண்டாள், அதற்குள் இருக்கும் ஒன்றை எழுப்பிவிடக் கூடாது என்பது போல.

அறியாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். கட்டி ஏன் நின்றது, எத்தனை காலம் நிற்கும் என்று தெரியாது. அது மறுபடி வளரும்போது அந்த ஆய்வு திறந்திருக்குமா, அந்த மருந்து பயன் தருமா என்று தெரியாது. அம்மாவின் கேட்கும் திறனில் அந்த வெடி கொண்டுபோன பங்கு ஏதேனும் உண்டா என்பது தெரியாது. என் இரத்தம் இன்னும் சோதிக்கப்படவில்லை. ஆகவே அம்மாவிடமிருந்து எனக்கு என்ன வந்து சேர்ந்தது என்பதும் தெரியாது.