மேல் வரிசையின் தாகம்

"எலிக்குப் பிரஷர் பாக்கத்தான் பதினேழு வருசம் பட்ச்சியா?" என்று மாமா கேட்டபோது வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. ஸ்ரீபெரும்புதூரில் லாரி ஷெட்டில் வேலை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்படிப் போனவள் எம்.எஸ்ஸி. வரை படித்துவிட்டு பேங்கில் போய் உட்காருவாள் என்று அவர் நினைத்திருந்தார். நான் உட்கார்ந்ததோ எலிக் கூண்டுக்கு முன்னால். அதனால் அன்று அவருக்கு நீளமாக விளக்கினேன். ஊரில் ரத்தக் கொதிப்பு என்று சொல்வது இதயத்தின் வேலை மட்டுமல்ல, மூளையிலிருந்தும் அதற்கு உத்தரவு போகிறது. ஆஞ்சியோடென்சின் என்று ஒரு சின்னப் புரதத் துண்டு இருக்கிறது. மூளைச் செல்லின் மேல் அதை வாங்கிக்கொள்ள ஓர் இடம் உண்டு, ஏற்பி என்று பெயர். துண்டு அந்த இடத்தில் போய் உட்கார்ந்தால் அழுத்தம் ஏறும், தாகமும் எடுக்கும். அந்த இடத்தை முன்கூட்டியே வேறொரு மருந்தால் அடைத்துவிட்டால் அழுத்தம் இறங்குமா என்பதுதான் என் ஆராய்ச்சி.

மாமா கொஞ்சம் யோசித்தார். "பஸ் சீட்ல துண்டு போட்டு வெக்கிற மாரி. அவ்ளோதானே? அதுக்கு எதுக்கும்மா எம்.எஸ்ஸி.?"

சரியாகத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

இது தொண்ணூற்றொன்றாம் வருடக் கோடைக்கு முன்பு. நான் வேலை பார்த்த ஆராய்ச்சிக் கூடம் நெடுஞ்சாலை ஓரம், இருங்காட்டுக்கோட்டைக்கு அருகில், ஒரு மருந்துக் கம்பெனியை ஒட்டி இருந்தது. மூன்று பக்கமும் நெல் வயல். எங்கள் ஊர் வடக்குப்பட்டிலிருந்து ஒரகடம் கூட்ரோடு, அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர், அங்கே இறங்கி இன்னொரு பஸ். முனைவர் பட்டத்துக்கான தற்காலிகப் பதிவு எனக்குக் கிடைத்திருந்தது. ஓராண்டுக்குள் காட்டும்படியான முடிவுகள் இருந்தால் பல்கலைக்கழகக் குழு அதை நிரந்தரமாக்கும். இல்லாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போகும். அந்த இடத்துக்குக் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் வீடுகளில் எலிக்குப் பிரஷர் பார்ப்பது ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

என்னிடம் பன்னிரண்டு எலிகள் இருந்தன. பிறவியிலேயே ரத்த அழுத்தம் ஏறும் இனம். ஒவ்வொன்றின் மண்டையிலும் நூல் பருமன் உள்ள எஃகுக் குழாயைப் பொருத்தி, பல் டாக்டர்கள் பயன்படுத்தும் சிமென்ட்டால் ஒட்டியிருந்தேன். குழாய் சரியான இடத்தில் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. அதன் வழியே துளியளவு ஆஞ்சியோடென்சின் விட வேண்டும். வயிறு முட்டக் குடித்திருந்த எலியும் சற்று நேரத்தில் தண்ணீர்க் குப்பியைத் தேடி ஓடும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. தாகம் என்பதை ஒரு துளியாக ஊசியில் எடுத்து உள்ளே விட முடிகிறது.

பன்னிரண்டும் அந்தச் சோதனையில் தேறின. ஆறு எலிகளுக்கு ஏற்பியை அடைக்கும் மருந்து. ஆறுக்கு மருந்தில்லாத வெறும் திரவம். மருந்து பெறும் ஆறையும் எடுத்துப் பிடிக்க வசதியாக இருக்கட்டும் என்று மேல் வரிசையில் வைத்தேன். மற்றவை கீழ் வரிசை. வாலில் ஒரு பட்டையை மாட்டி அழுத்தம் பார்ப்போம். கையில் கட்டுகிற பட்டையேதான், அளவில் சிறியது.

குளிர்சாதன அறை கட்டி முடியும்வரை எலிகள் தகரக் கொட்டகையில் இருந்தன. கூண்டு கழுவ, உமி மாற்ற, தண்ணீர் வைக்க ஓர் ஆள் வேண்டும் என்று என் ஆராய்ச்சியை வழிநடத்தும் பேராசிரியர் சொன்னபோது அக்காவைச் சேர்த்துவிட்டேன். அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். நான் ஒன்றாம் வகுப்புக்குப் போன வருடம் அவள் நாற்று நடப் போனாள். கொட்டகையில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. எலிகளுக்கெல்லாம் எங்கள் உறவுக்காரர்களின் பட்டப்பெயர் வைத்தாள். கையைக் கடிப்பதற்கு மாமா பட்டம். மற்ற ஆராய்ச்சி மாணவர்கள் எதிரில் அவளை அக்கா என்று கூப்பிடுவதை நான் குறைத்துக்கொண்டேன். அவள் அதைக் கவனித்தாள் என்று பின்னால்தான் தெரிந்தது.

கொட்டகைக் கதவில் ஐந்து விதிகள் எழுதி ஒட்டினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். நான்காவது விதி: தண்ணீர் தவிர வேறெதுவும் தரக் கூடாது. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. ஒரே ஒரு தடவை, பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில், வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். "தண்ணி மட்டும்தான், புரிஞ்சுதா?" என்று கேட்டேன். தலையாட்டினாள்.

அவள் முதல் பஸ்ஸில் போய்விடுவாள். ஒன்பது மணிக்கு நான் நுழையும்போது குப்பிகள் கழுவி நிரப்பப்பட்டு, கூண்டுகளின் மேல் கவிழ்த்து மாட்டியிருக்கும். பழுப்புக் கண்ணாடிக் குப்பிகள். மறுநாள் காலை கழுவுவதற்கு முன்பு எதில் எவ்வளவு மிச்சம் என்று அவள் பார்த்து வைத்து, நான் வந்ததும் சொல்வாள், நான் எழுதுவேன். கீழ் வரிசையில் பாதி மிச்சம் இருக்கும். மேல் வரிசை ஆறும் காலி.

முடிவுகள் நான் கனவிலும் எதிர்பாராதபடி வந்தன. மேல் வரிசையில் அழுத்தம் வாரத்துக்கு வாரம் ஏறியது. இந்த இனத்துக்கு வயது ஏறினால் அழுத்தமும் ஏறும், அதனால் நான் அதைக் கேள்வி கேட்கவில்லை. மருந்து கொடுத்தால் அந்த ஏறிய உயரத்திலிருந்து சரசரவென்று இறங்கியது. நூல்களில் படித்ததைவிடப் பெரிய இறக்கம். அதோடு இந்தத் தாகம். மருந்தின் வேகம் தணிந்தபிறகு அந்த ஏற்பிகள் முன்னிலும் விழிப்பாகி எலியைக் குடிக்கச் சொல்கின்றன என்று ஒரு விளக்கம் எழுதினேன். அது முழுக்க என் சொந்த யோசனை. பேராசிரியர் படித்துவிட்டு, இதை யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். யாரும் இல்லை சார் என்றேன். அதைச் சொன்னபோது என் கழுத்து எவ்வளவு நிமிர்ந்திருந்தது என்று இப்போதும் நினைவிருக்கிறது. வெள்ளிக்கிழமைக் குழுவில் நானே படிக்க வேண்டும் என்றார்.

ஆடி மாதம் ஊரில் அம்மனுக்குக் கூழ் ஊற்ற அக்கா இரண்டு நாள் விடுப்பு எடுத்தாள். குப்பிகளை நானே கழுவி நிரப்பினேன். மறுநாள் காலை மேல் வரிசையில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அடுத்த நாளும் அப்படியே. குழாய்கள் அடைத்துக்கொண்டன என்றே நினைத்தேன். குழுவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆறு எலிகளும் என்னைக் கைவிட்டன என்று பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

அக்கா திரும்பி வந்த மறுநாள் மேல் வரிசைக் குப்பிகள் மறுபடி காலி.

அன்று நானும் முதல் பஸ்ஸிலேயே போயிருந்தேன்; அவள் கழுவுவதற்கு முன்பு ஒன்றைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். அடியில் வெள்ளையாக ஒரு படலம். மூக்கருகில் கொண்டுபோனால் புளித்த வாசனை. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது.

"இது இன்னாக்கா?"

"சோத்துத் தண்ணி." வடித்த சோற்றில் ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் உப்புப் போட்டுக் குடிக்கிற நீராகாரத்துக்கு எங்கள் வீட்டில் அதுதான் பெயர். தனக்கென்று அவள் அதைத் தூக்குவாளியில் கொண்டுவருவாள்.

"தண்ணியத் தவிர எதுவும் குடுக்காதன்னு சொன்னேனே."

"தண்ணிதானே குட்த்தேன்?"

அவள் விளையாடவில்லை. அவளுக்கு அதுவும் தண்ணிதான். பிறகு அவள் குரலும் ஏறியது. "மேல கீறதெல்லாம் தகரத்துக்கு அடியிலயே கீது. வெந்து போய் மூச்சு வாங்கிகினு படுத்துகினு இருந்துதுங்க. நீ வெயில்ல வந்தா இன்னா குடுப்பேன் உனக்கு? அதத்தான் அதுங்களுக்கும் குட்த்தேன். அதுங்க மூஞ்சிய ஒரு நாளாவது பாத்தியா நீ? வாலத்தான் பாப்பே."

உப்பு எவ்வளவு போட்டாய் என்று கேட்டேன். கைக்கு வந்தது என்றாள். எத்தனை நாளாக? வெயில் ஆரம்பித்ததிலிருந்து. கீழ் வரிசைக்கு? கீழே சில்லென்று இருக்கிறதே, அதற்கு எதற்கு என்றாள்.

கொட்டகையின் சிமென்ட் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உப்பு இந்த இனத்தின் அழுத்தத்தை ஏற்றும் என்பது முதல் பாடம். மூளையில் அந்த ஏற்பிகள் நடந்துகொள்ளும் விதத்தையும் உப்பு மாற்றக்கூடும். மேல் வரிசைக்கு மருந்தும் உப்பும். கீழ் வரிசைக்கு இரண்டும் இல்லை. அந்தப் பெரிய இறக்கத்தில் மருந்துக்கு எவ்வளவு பங்கு, அக்காவின் கைப்பிடி உப்புக்கு எவ்வளவு பங்கு என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நான் பெருமையாக விளக்கம் எழுதிய தாகம் வெறும் உப்புத் தாகம். ருசியும் கொஞ்சம் இருந்திருக்கும்.

அக்கா என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். நடந்ததை அவளுக்குப் புரியும்படி சொல்ல எனக்கு வெகுநேரம் ஆனது. புரிந்ததும் முதலில் அவள் கேட்டது, இது யாருக்குத் தெரியும் என்பதுதான். எனக்கு மட்டும் என்றேன்.

"அப்புறம் இன்னா? எலி வந்து சாட்சி சொல்லுமா?"

அன்று முழுவதும் அந்தக் கேள்விதான் எனக்குள் ஓடியது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: நான் பதில் தேடவில்லை, வழி தேடினேன். மேல் வரிசைக் கணக்கில் அக்கா இல்லாத இரண்டு நாளை மட்டும் எடுத்துவிடலாம். குடித்த அளவைப் பற்றிய பத்தியை நீக்கிவிடலாம். மருந்து அழுத்தத்தை இறக்கியது பொய்யல்லவே, கண்ணால் பார்த்தேனே. வெள்ளிக்கிழமை தாண்டட்டும், பதிவு நிரந்தரமாகட்டும், பிறகு புதிய எலிகளை வைத்து ஒழுங்காகச் செய்து பொய்யை உண்மையாக்கிவிடலாம். சாப்பாட்டு நேரத்தில் மற்ற மாணவர்கள் வாழ்த்துச் சொன்னார்கள். ஒருத்தி என் விளக்கத்தைத் தன் கட்டுரையில் குறிப்பிடலாமா என்று கேட்டாள். குறிப்பிடு என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். இன்னும் கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு எழுந்துபோனேன். என் கொட்டகையில் கலந்த உப்பு அவள் கட்டுரைக்கும் போகும், அங்கிருந்து இன்னொருவர் கட்டுரைக்கும் போகும். அந்த ஏற்பியை அடைக்கிற மருந்து ஒருநாள் மனிதர்களுக்கு வரும்போது, என் மேல் வரிசையை நம்பி யாரோ அளவு குறிப்பார்கள்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அக்காவிடம் சொன்னேன், எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரகடத்தில் இறங்கும்போது, "என்னிய வேலையவுட்டு அனுப்பிட்டாங்கன்னா ஊர்ல இன்னா சொல்றது?" என்றாள். சற்று நடந்தபிறகு, "எழுதறது எழுதறே, நான் தண்ணின்னு நெனச்சுதான் குட்த்தேன்னு எழுது" என்றாள்.

அப்படியே எழுதினேன். ஆய்வுப் பதிவேட்டில், அடித்தல் திருத்தல் இல்லாமல், ஒரு முழுப் பக்கம். எந்த வரிசைக்கு என்ன போனது, எவ்வளவு என்று தெரியாது என்பது, எப்போது கண்டுபிடித்தேன் என்பது. கொட்டகையைப் பராமரித்தவர் தமக்குச் சொல்லப்பட்டதைத்தான் செய்தார், சொன்ன விதத்தில் பிழை, சொன்னவள் நான். பராமரித்தவர் என் உடன்பிறந்த அக்கா என்றும் எழுதினேன்.

மறுநாள் பேராசிரியர் நின்றுகொண்டே படித்தார். இரண்டாவது தடவை உட்கார்ந்து படித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை, அதுதான் மோசம். குழு இதைப் பார்த்தால் இந்த வருடம் பதிவு கிடையாது என்றார். அடுத்த வருடம் இந்த இடம் இருக்கும் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். பிறகு பதிவேட்டை மூடி மெதுவாக என் பக்கம் தள்ளினார்.

"வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்கு. இந்தப் பக்கத்தை இன்னிக்கே எழுதியிருக்கணும்னு அவசியம் இல்லம்மா. யோசிச்சு சொல்லு."

அவர் கெட்டவர் இல்லை. அந்தக் கணத்தில் அந்தப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஓடிவிட வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை யாரிடமும் சொன்னதில்லை. பதினேழு வருடமும் அந்த மேஜையின் மேல்தான் கிடந்தது. இப்படி ஒரு வார்த்தை வந்தால் நான் இளகிவிடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால்தான் அந்தப் பக்கத்தைக் கார்பன் வைத்து எழுதியிருந்தேன்.

யோசிக்க ஒன்றுமில்லை சார் என்றேன். அதன் கார்பன் நகலை, குழுத் தலைவர் பெயருக்கு, வருகிற வழியில் ஸ்ரீபெரும்புதூர் தபாலாபீஸில் இறங்கி, பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டுத்தான் அவர் அறைக்கு வந்திருந்தேன்.