அண்ணன் குத்தாத ஊசி

அண்ணனின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலருக்கு உருக்கமாக இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். அழுததெல்லாம் போதும். எனக்கு வயிறு எரிகிறது, அதைத்தான் எழுதுகிறேன்.

அண்ணன் இங்கே துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே போய்விட, படிப்பை விட்டுத் துறைமுக வேலைக்குச் சேர்ந்து, தங்கையான என்னைக் கரையேற்றினார். பிறகு சென்னையில் அக்குபங்சர் கற்றுவந்து வீட்டு முன்னறையில் பலகை மாட்டினார். அதோடு நிற்கவில்லை. ஞாயிறுதோறும் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறி, உடற்கூறு ஆசிரியர் ஒருவரிடம் போய் உட்கார்ந்தார். எந்தப் புள்ளிக்குக் கீழே நரம்பு, எதற்குக் கீழே நுரையீரல் என்று கேட்டுக் கேட்டு நோட்டில் வரைந்தார். புத்தகத்தில் போட்டிருக்கும் ஆழம் சதைப்பிடிப்பான உடம்புக்கு. உப்பளத்தில் காய்ந்த உடம்புக்கு அது ஆகாது என்பார். தோளில் ஊசி போட்டால் சதையைக் கிள்ளித் தூக்கிப் பிடித்து, சாய்வாக, நுனியை மட்டும் இறக்குவார்.

நம் ஆட்களுக்கு இது பிடிக்குமா? வலித்தால்தானே வைத்தியம்!

சித்தப்பாவுக்குத் தோள்வலி வந்தது. “ஏலே, நீ குத்துததே தெரியலியே. கொசு கடிச்சாக்கூட இதவிட உறைக்கும். நல்லா எறக்குலே!” என்றார்.

“சித்தப்பா, இதுக்குக் கீழ நுரையீரல் இருக்கு. உங்க தோள்ல சதையே இல்ல. மாட்டேன்.”

சித்தப்பா கோபித்துக்கொண்டு டவுனில் வேறொருவரிடம் போனார். அவர் ஊசியை முழுசாக இறக்கிவிட்டார். சாயங்காலம் சித்தப்பாவுக்கு மூச்சு முட்டியது. “வாய்வுப் பிடிப்புளா, ஓமத்தண்ணி குடு” என்று அத்தை முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். செய்தி கேட்டு ஓடிய அண்ணன் முதுகில் காதை வைத்தார். வலப்பக்கம் மூச்சுச் சத்தமே இல்லை. “வாய்வு இல்ல, நுரையீரல்ல ஓட்டை” என்று கத்தி, காரில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டர் விலாவில் குழாய் போட்டுக் காற்றை வெளியேற்றினார். யார் ஊசி போட்டது என்று அவர் கேட்டபோது, சித்தப்பா டவுன்காரரைத்தான் சொன்னார். நான் பக்கத்தில் நின்று என் காதால் கேட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பேச்சு மாறியது. அண்ணன் பேச்சை மீறிப் போனதைச் சொல்லச் சித்தப்பாவுக்கு வெட்கம். “எங்க அண்ணன் மவன் குத்துனதுதான்” என்றார். ஊரே நம்பியது. ஒரே மாதத்தில் முன்னறை கிட்டத்தட்டக் காலி. அண்ணன் பலகையைக் கழற்றிவிட்டுத் துறைமுகத்துக்கே திரும்பினார்.

“உண்மையச் சொல்லுண்ணே” என்று சண்டை போட்டேன்.

“சித்தப்பா உசுரோட இருக்காவல்லா, அது போதும். விடுளா” என்றார்.

அந்தப் பெருந்தன்மை மீதும் எனக்குக் கோபம்தான். சிறுநீரகம் கெட்டுப் படுத்திருந்த கடைசி நாட்களில், பார்க்க வந்தவர்கள்கூட “இனிமே ஊசியத் தொட்ராதப்பா” என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள். அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சே, எப்படித்தான் மனசு வந்ததோ!

அண்ணனைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட நர்சம்மாவுக்கும், யார் என்ன சொன்னாலும் அண்ணனிடமே வந்துகொண்டிருந்த மூன்று உப்பளத்துப் பெண்களுக்கும் எங்கள் நன்றி.

சித்தப்பா, இந்த மலர் உங்கள் கையிலும் இருக்கிறது. பந்திக்கு முன்னால் எழுந்து நின்று, ஊசி போட்டது உங்கள் அண்ணன் மகன் இல்லை என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லுங்கள். சொல்லும்வரை இந்த வீட்டில் இலை போட விடமாட்டேன்.