பிள்ளைக்கு வைத்த முறை

எங்கள் வாசல் படலையின் சங்கிலியைக் கொளுவிவிட்டு, மழையில் நனைந்து நின்ற மருமகனைத் திருப்பி அனுப்பினேன். பிறகு உள்ளே போய், அப்பா வரவில்லை என்று அவருடைய பிள்ளையிடம் சொன்னேன். நான் செய்தது இதுதான். இதை இனியும் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்கு வயதில்லை.

நான் நீர்ப்பாசன வேலையில் இருந்தவன். மழையில்லாத சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காணாது. வாய்க்கால் வாய்க்காலாக முறை வைத்துத்தான் விடுவோம். தன் முறைக்கு வராதவர் அதை இழப்பார். மதகுக் கதவை இறக்கி அடுத்த வாய்க்காலுக்குத் திருப்பிவிடுவேன். பிள்ளைக்குக் காய்ச்சல், மாடு தவறிவிட்டது என்று கெஞ்சியவர்களுக்கும் நான் திறந்ததில்லை. ஐயா ஒருவர் பக்கமும் சாயமாட்டார் என்று பேர் எடுத்தேன். அந்தப் பேரோடுதான் ஓய்வு பெற்று நெடுங்கேணிக்கு வந்தேன்.

மகளுக்கு விவாகரத்து ஆனபோது பேத்தி முதலாம் வகுப்பு. பிள்ளை தாயோடு இருக்கட்டும், தகப்பனோடு இருக்கும் நாட்களை நீங்களே பேசி முடிவு செய்யுங்கள் என்று நீதிமன்றத்தில் சொல்லிவிட்டார்கள். எங்கள் விறாந்தையில் இரண்டு பகுதியும் கூடியபோது எல்லோரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். முறை வைப்பது எனக்குக் கைவந்த வேலை அல்லவா? ஒன்றுவிட்ட சனிக்கிழமை காலையில் கூட்டிக்கொண்டு போய் ஞாயிறு பின்னேரம் கொண்டுவந்து விடவேண்டும், பத்து மணிக்குள் வராவிட்டால் அந்த முறை போய்விடும் என்றேன். கண்டாவளையில் வயல் செய்யும் மருமகன் அதைக் கேட்டுச் சிரித்தார்.

"வயலுக்கும் முறை, பிள்ளைக்கும் முறையோ மாமா? சரி, நீங்கள் சொன்னால் சரிதான்."

மகளும் சிரித்துவிட்டாள். அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்ததை அதன்பிறகு நான் காணவில்லை.

மாரி தொடங்கிய பிறகு வந்த ஒரு சனிக்கிழமை. மகளுக்கு ஆஸ்பத்திரியில் பகல் கடமை. பேத்தி விடியவே சட்டை மாற்றி, பையைத் தோளில் கொளுவிக்கொண்டு கதிரையில் ஏறி இருந்தாள். என் கைத்தொலைபேசி இரண்டு தரம் அடித்தது. மருமகனின் எண்தான். நான் எடுக்கவில்லை. பத்து மணி கடந்ததும் போய்ச் சங்கிலியைக் கொளுவினேன். பிள்ளை அழுது களைத்துக் கதிரையிலேயே நித்திரையான பிறகு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. நேர்ப்பாதையை வெள்ளம் மூடிவிட்டதால் மாங்குளம் சுற்றி வந்திருந்தார். உதடு நடுங்கியது. கையில் ஒரு சின்ன மஞ்சள் மழைக்கோட்டு. அதைப் போட்டுப் பிள்ளையை முன்னால் இருத்திக் கூட்டிப்போக நினைத்திருப்பார்.

"கூட்டிக்கொண்டு போகேல்லை மாமா. ஒருக்காப் பாத்திட்டுப் போறன்."

"முறை முடிஞ்சுது. அடுத்த முறைக்கு வாங்கோ."

மழைக்கோட்டைப் படலையில் கொளுவிவிட்டுப் போனார். அதை எடுத்து விறகுக்குப் பின்னால் போட்டேன். என் மகளை அழவைத்தவன் ஒரு நாளாவது வெளியே நிற்கட்டும் என்ற ஆசைதான். அதை அன்று நியாயம் என்று நினைத்தேன்.

பிள்ளை எழும்பி அப்பா எங்கே என்று கேட்டது. வரவில்லை என்றேன். அடுத்த முறை அவர் நேரத்துக்கே வந்தார். அவள் அலுமாரிக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு வெளியே வர மறுத்தாள். அதற்கடுத்த முறையும் அப்படித்தான். கட்டாயப்படுத்திக் கூட்டிப்போக அவருக்கு மனம் வரவில்லை. வரவு குறைந்து, ஒரு நாள் நின்றுபோனது. அப்பாவுக்குப் பிள்ளையில் விருப்பமில்லை என்று மகளும் நம்பினாள். நான் வாய் திறக்கவில்லை. குளத்தில் நான் கதவை இறக்கியபோதெல்லாம் அந்தத் தண்ணீர் இன்னொருவரின் வயலுக்காவது போய்ச் சேர்ந்தது. அன்று நான் தடுத்தது யாருக்கும் போய்ச் சேரவில்லை.

போன வருடம் நெஞ்சு வருத்தம் வந்து எழும்பியபின், பஸ் ஏறிக் கண்டாவளைக்குப் போனேன். மருமகன் வரம்பிலிருந்து ஏறி வந்து, கை கழுவி, எனக்குத் தேத்தண்ணி தந்தார். நடந்ததைச் சொன்னேன். இனி எந்த நாளும், எந்த நேரமும் வரலாம் என்றேன். அவர் என் வெறும் கோப்பையை வாங்கிக் கீழே வைத்தார்.

"இப்ப வரலாம் எண்டுறியள். வந்து அவளோட என்ன கதைக்கிறது மாமா? எனக்கு ஆறு வயசுப் பிள்ளையைத்தான் தெரியும்."

பஸ் நிலையம் வரை கொண்டுவந்து விட்டார். வருவேன் என்றோ வரமாட்டேன் என்றோ சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மகளையும் பேத்தியையும் இருத்திச் சொன்னேன். மகள் எழுந்து குசினிக்குள் போய்விட்டாள். இப்போது பதினாறு வயதாகி, சாதாரண தரம் படிக்கும் பேத்தி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்பா நல்லா நனைஞ்சவரோ?"

"ஓம்" என்றேன்.

அதற்குப்பிறகு அவள் என்னை அம்மப்பா என்று கூப்பிடவில்லை. சாப்பாடு வைக்கிறாள், மருந்தை எடுத்துத் தருகிறாள். கூப்பிடுவது மட்டும் இல்லை. கண்டாவளைக்குப் போவோமா என்று இரண்டு தரம் கேட்டுப் பார்த்தேன். பாடம் இருக்கிறது என்றாள்.

சனிக்கிழமைகளில் விடிந்ததும் சங்கிலியைக் கழற்றிப் படலையை அகலத் திறந்துவிட்டு, விறாந்தையில் ரோட்டைப் பார்த்தபடி இருக்கிறேன். பேத்தி ரியூசனுக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே போகிறாள். போகும்போது நின்று, திரும்பி, படலையைச் சாத்திச் சங்கிலியைக் கொளுவுகிறாள்.

"மாடு வரும்" என்கிறாள், என் முகத்தைப் பார்க்காமல்.

அவள் வளைவில் மறையும்வரை பொறுத்திருந்து, மெல்ல எழுந்து போய், மறுபடி கழற்றுகிறேன்.