பின்னாலை கிடந்த குப்பை

"ஆர் மோசம் போனது?"

பழைய படம் இருக்கிறதா என்று எங்கள் பக்கத்தில் எந்த வீட்டு வாசலில் போய்க் கேட்டாலும் முதலில் வருகிற கேள்வி இதுதான். செத்தவீட்டுக்குத்தான் எங்கள் பக்கத்தில் பழைய படம் தேடுவார்கள். ஒருவரும் சாகவில்லை என்பேன். அப்ப படம் எதற்கு என்பார்கள். கொழும்புத் தெருப் படம் வேண்டும், ட்ராம் ஓடின காலத்தில் எடுத்தது என்று சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். "உனக்கென்ன விசரே பிள்ளை? எரிச்சுக் கலைச்சவங்களின்ரை ஊர்ப்படம் உனக்கென்னத்துக்கு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவங்களின்ரை ஊராம்! என் அப்பா மீசை முளைக்கிற வயதில் போய், தலை நரைக்கும்வரை இருந்த ஊர். நான் பிறந்த ஊர். மருதானையில், ட்ராம் தண்டவாளத்தைப் பார்த்தபடி இருந்தது எங்கள் சுருட்டுக்கடை. மேல்மாடியில் வீடு. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் இரண்டையும் சேர்த்துக் கொளுத்தினார்கள். உடுத்த துணியோடு கப்பல் ஏறிக் காங்கேசன்துறையில் இறங்கி, உரும்பிராயில் மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். மாமா அம்மாவின் தம்பி. அம்மா அதற்கு முன்பே போய்விட்டா, புண்ணியவதி. கடையின் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

எரித்ததைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை பேசியதில்லை. பின்னேரங்களில் முற்றத்துக் கதிரையில் இருந்துகொண்டு தெருவைச் சொல்வார். "மூலையிலை தேத்தண்ணிக்கடை. பக்கத்திலை மணிக்கூடு திருத்திறவர். பிறகு எங்கடை கடை. அங்காலை புடவைக்கடை." தேவாரம் மாதிரி ஒரே வரிசை, ஒரே ராகம். நானும் கேட்டும் கேட்காததுபோல் இருப்பேன்.

பிறகு வரிசை பிசகத் தொடங்கியது. ஒருநாள் மணிக்கூட்டுக்காரர் தெருவின் மற்றப் பக்கத்துக்குப் போய்விட்டார். இன்னொரு நாள் தேத்தண்ணிக்கடையே இல்லை. திருத்தினால் கோபம் வரும். வயது போகப் போக மறதி கூடும், மருந்து இல்லை என்று டொக்டர் சொன்னார். மாமா தன் பங்குக்கு, "விடுங்கோ அத்தான், கண்டறியாத கொழும்பு. மறந்தால் நல்லதுதானே" என்றார். சோறு போடுகிற மனிதர் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் அன்றைக்கே முடிவெடுத்தேன். முழுவதும் அழிந்துபோகுமுன் அந்தத் தெருவை அப்பாவின் கண்முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டும்.

எங்கள் வலிகாமப் பக்கத்தில், கொழும்பில் உத்தியோகம் பார்த்துவிட்டு வந்த பென்சன்காரர் இல்லாத ஊர் ஏது? நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுவேன். அலுமாரியின் அடித்தட்டிலிருந்து படங்கள் வரும். இது நான், இது என்ரை பெண்சாதி, இது எங்கடை கலியாணம் முடிஞ்ச கிழமை என்று விரலை வைத்துக் காட்டுவார்கள். நான் அவர்களின் தோளுக்கு மேலால் பார்ப்பேன். றிக்‌ஷாக்காரன், மாட்டுவண்டில், பாதி தெரிகிற கடைப் பெயர்ப்பலகை, ட்ராமில் தொங்குகிற மனிதர்கள். சிலர் தந்தார்கள். சிலர் விரட்டினார்கள். பிஸ்கட் ரின் நிறையப் படம் சேர்ந்தது. கோட்டை இருந்தது, புறக்கோட்டை இருந்தது, காலி வீதி இருந்தது. எங்கள் தெரு மட்டும் இல்லை. அப்பா ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்து, "உது இல்லை" என்று திருப்பித் தருவார்.

கடைசியில் பருத்தித்துறையில் அகப்பட்டது. கொழும்பில் கிளாக்கராய் இருந்த ஒரு கிழவர் வீட்டில். வழியில் வல்லை வெளிக் காற்றில் சேலை ஒரு பக்கம் நான் ஒரு பக்கமாய்ப் போய்ச் சேர்ந்த என்னிடம் அவர் ஒரு படத்தைத் தந்தார். வெள்ளைக் காற்சட்டையும் கோட்டுமாய் அவர் இளந்தாரியாக நிற்கிறார். பின்னால் ட்ராம். மூலையில் தேத்தண்ணிக்கடை. மணிக்கூட்டுக்காரர். அதற்குப் பக்கத்தில் எங்கள் கடை, வாசலில் பெனியனோடு என் அப்பா. வாய் திறந்திருக்கிறது, யாரையோ ஏசுகிறார். "இது என்ரை அப்பா" என்று விரலை வைத்துக் காட்டினேன்.

"அட, சுருட்டுக்காரன்ரை மேளே நீ?" கிழவர் சிரித்தார். "அவன்ரை சுருட்டு நல்லம். வாய்தான் பொல்லாதது."

"வாய் இப்பவும் அப்பிடித்தான் ஐயா" என்றேன்.

படத்தைக் கேட்டேன். தரமாட்டேன் என்றார். ஒருநாள் இரவலாய்த் தாருங்கோ, பிரதி எடுத்துவிட்டுத் தருகிறேன் என்றேன். அதற்கும் மாட்டார். "உதிலைதானம்மா நான் வடிவாய் நிக்கிறன். நான் இருக்குமட்டும் இஞ்சை கிடக்கட்டும். கண்ணை மூடினாப்பிறகு உனக்குத்தான். அதுக்கிடையிலை கொப்பரைக் கூட்டிக்கொண்டு வா, காட்டுறன்." மகளைக் கூப்பிட்டு எனக்கு முன்னாலேயே சொன்னார்: "கேட்டியே? உந்தப் படம் இவவுக்கு." மகள் ஓம் என்று தலையாட்டினா.

வீட்டுக்குப் பறந்து வந்து அப்பாவிடம் சொன்னால், மனிதர் சீறினார். "என்ரை கடையை நான் ஆற்றையோ வீட்டிலை போய்ப் பாக்கிறதோ? வரமாட்டன்!" எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. உங்களுக்காகத்தானே வெய்யிலில் நாயாய் அலைகிறேன் என்று கத்தினேன். கெஞ்சி, ஏசி, பட்டினி கிடந்து ஒருவழியாய்ச் சம்மதிக்க வைத்தேன். சேட்டைத் தோய்த்து மடித்து வைத்தோம். அந்தக் கிழமை பார்த்து எங்கோ வெடிச் சத்தம், பாதை பூட்டு, பஸ் இல்லை. பாதை திறந்தபோது பேப்பரில் கிழவரின் மரண அறிவித்தல் வந்திருந்தது.

உடனே ஓடிப்போய்ப் படத்தைக் கேட்பது சரியில்லை என்று மரியாதை பார்த்தேன். அந்த மரியாதையை அடுப்பில் வைக்க! முப்பத்தோராம் நாள் காரியத்துக்குத்தான் போனேன். சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாருக்கும் கல்வெட்டுக் கொடுத்தார்கள். செத்தவரின் படத்தை முதல் பக்கத்தில் போட்டு, தேவாரமும் ஒப்பாரிப் பாட்டும் அச்சடித்துக் கொடுப்பார்களே, அந்தப் புத்தகத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். வாங்கி விரித்தேன். அதே வெள்ளைக் கோட்டு. அதே சிரிப்பு. பின்னால் ஒன்றுமில்லை. மாவைக் கொட்டினதுபோல் வெறும் வெள்ளை.

மகள் பக்கத்தில் வந்து இருந்தா. "வடிவாய் வந்திருக்கு, என்ன அக்கா? ஸ்ரூடியோக்காரர் நல்ல கெட்டிக்காரர். பின்னாலை கிடந்த குப்பையெல்லாத்தையும் எடுத்துப்போட்டு அப்பாவைத் தனியத் தந்தவர்."

"குப்பையோ? அந்தப் படம் எங்கை?"

"இருக்கு அக்கா. அப்பாவின்ரை சொல்லை மறப்பமே? உங்களுக்கெண்டு எடுத்து வைச்சிருக்கிறன்."

உள்ளே போய் ஒரு கடித உறையைக் கொண்டுவந்து தந்தா. உள்ளே கிழவர் இருந்தார். தலை முதல் சப்பாத்து வரை, ஓரம் ஓரமாய்க் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்த கிழவர் மட்டும்.

"எனக்கு உங்கடை அப்பா என்னத்துக்கு?" என்று கத்திவிட்டேன். "என்ரை அப்பா எங்கை?"

பாயில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒருவர், பாவம், கொழும்பிலை பட்டதிலை மூளை பிசகிப்போச்சு என்று பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னது எனக்குக் கேட்டது. மகளைச் சொல்லிக் குற்றமில்லை என்று இப்போது எழுதலாம். அன்றைக்கு அவவின் கழுத்தைத் திருக வேண்டும்போல் இருந்தது.

நேரே ஸ்ரூடியோவுக்குப் போனேன். வெட்டின மிச்சம் எங்கே என்று கேட்டேன். அந்த மனிதர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"எந்த மிச்சம்? ஆளைத்தானே கேட்டவை. ஆளை வெட்டி வெள்ளைக் கடுதாசியிலை ஒட்டித்தான் நாங்கள் கல்வெட்டுக்குப் பிரதி எடுக்கிறது."

"தெருவை என்ன செய்தனீங்கள்?"

"தெருவோ? கூட்டி அள்ளிப் பின்வளவிலை கொளுத்தியாச்சு பிள்ளை."

கொளுத்தியாச்சாம். இந்த முறை எங்கள் ஆட்களே, எங்கள் மண்ணிலேயே! அந்த மனிதரைப் பார்த்து நான் சொன்ன சொற்களை இங்கே எழுத முடியாது. ஒரு பள்ளிக்கூட ரீச்சரின் வாயில் வரக்கூடாத சொற்கள் எல்லாம் வந்தன.

வீட்டுக்கு வந்தபோது அப்பா முற்றத்தில் இருந்தார். "கொண்டு வந்தனியே?" என்றார். கடித உறையைப் பறித்து, கிழவரை வெளியே எடுத்தார். கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு கிழவரை மேசையின் நடுவில் வைத்தார். அவரைச் சுற்றி, வெறும் பலகையில், விரலை ஊன்றி ஊன்றிச் சொல்லத் தொடங்கினார்.

"மூலையிலை தேத்தண்ணிக்கடை." விரல் நகர்ந்தது. "பக்கத்திலை மணிக்கூடு திருத்திறவர்."

வரிசை பிசகவில்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சரியான வரிசை. நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். விரல் இன்னும் கொஞ்சம் நகர்ந்து, நின்றது. பலகையை ஒருதரம் தட்டினார். இன்னொருதரம் தட்டினார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இதிலை ஆற்றை கடை பிள்ளை இருந்தது?"

"உங்கடை கடை அப்பா!" அயலட்டை எல்லாம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும்படி கத்தினேன். "உங்கடை! உங்கடை கடை!"