மாடிக் கத்திரிக்காயும் வெள்ளை நூலும்

மலையடிவாரத்து வேங்கிக்காலில் நாங்கள் வீடு கட்டிய பிறகு மொட்டை மாடியில் கத்திரிச் செடி வைத்தேன். சித்திரை வெயிலில் இலைகள் சிறுத்து, தடித்து, ஓரம் சுருண்டன. செடி முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. அப்போது வேலூரிலிருந்து வந்த என் நாத்தனார், "அண்ணி, இது செடியா, தொட்டியில குத்தி வச்ச குச்சியா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "கார்த்திகை தீபத்தன்னைக்கு இந்த மாடிக் கத்திரிக்காய்லதான் உனக்குக் குழம்பு" என்று வாயை விட்டேன்.

பூச்சிதான் என்று வேப்பெண்ணெய் அடித்துப் பார்த்தேன். நிழல்வலை விற்கும் கடைக்காரர் பாயின் மகள் விவசாயம் படிக்கிறாள். அவள் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பூச்சி இல்லக்கா. வெயில்ல புற ஊதாக் கதிர் ஜாஸ்தியானா இலை இப்படித்தான் தடிச்சு, செடி குட்டையா நின்னுடும். பூவும் கம்மியாகும்" என்றாள். பாதி வெயிலை மறைக்கும் வலை போதும் என்றார் பாய். பாதி மறைத்தால் பாதிப் பலன், முக்கால் மறைத்தால் முக்கால் பலன் என்பது என் கணக்கு. முக்காலே வாங்கினேன். மேலே மட்டுமா? மாலை வெயில் மலைப் பக்கமிருந்து வருகிறதே என்று அந்தப் பக்கமும் தரைவரை இழுத்துக் கட்டினேன்.

செடி வளர்ந்தது. என் தோளுக்கு வளர்ந்தது. காய் மட்டும் இல்லை. "வெளிச்சமே இல்லாட்டி நோஞ்சானா நீண்டுதான் போகும்கா" என்று பாயின் மகள் தலையில் அடித்துக்கொண்டபோது கார்த்திகை பிறந்துவிட்டது.

தீபத்தன்று காலையில் சந்தைக்குப் போய், கீழ்பென்னாத்தூர்க் கத்திரிக்காய் அரைக் கிலோ வாங்கி வந்தேன். காம்பில் வெள்ளை நூல் சுற்றி ஒவ்வொன்றாகச் செடியில் கட்டினேன். வெட்கமாகத்தான் இருந்தது. நாத்தனார் முகத்தை நினைத்துக்கொண்டே கட்டி முடித்தேன்.

சாயங்காலம் அவள் குடும்பத்தோடு, காலையிலிருந்து விரதம் இருந்த பசியோடு மாடிக்கு வந்தாள். அவள் மாமியார் கைகூப்பிக்கொண்டு, "மலை எங்கம்மா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஊரில் மாடி வைத்துக் கட்டுவதே மலை உச்சியில் தீபம் பார்க்கும் இந்த ஒரு நாளுக்காக. நான் மலையை வலை போட்டு மூடியிருக்கிறேன்! மணி ஆறை நெருங்கியது. என் வீட்டுக்காரர் கத்தரிக்கோலை எடுத்து வலையைக் குறுக்கே கிழித்தார். அது சரிந்து விழவும் உச்சியில் தீபம் எரியவும் சரியாக இருந்தது. பக்கத்து மாடிகளெல்லாம் அரோகரா என்றன. எனக்கும் கண் கலங்கியது.

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் நாத்தனார் ஒரு காயைப் பறித்துவிட்டாள். நூலும் கூடவே வந்தது. அதை விரலில் சுற்றிக்கொண்டாள். சமையலறையில்தான் காதருகே வந்தாள்.

"கத்திரிக்கா முத்தினா கடைத்தெருவுக்கு வரும்னுவாங்க. உங்க வீட்ல அது கடைத்தெருவுலேர்ந்து மாடிக்கு வந்துடுச்சு போல அண்ணி."

இரண்டு பேரும் சிரித்தோம். அவள் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள்.

கிழிந்த வலையை நான் திரும்பக் கட்டவில்லை. மார்கழி இளவெயில் பட்டுச் செடி பூத்தது. பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு காய், நிஜக் காய், ஊதா நிறத்தில் தொங்கியது. சந்தோஷம் தாங்காமல் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"சூப்பர் அண்ணி. இந்தத் தடவ நூல் தெரியாம கட்டியிருக்கீங்க."

அந்தக் காயை நான் பறிக்கவில்லை. பொங்கலுக்கு வந்து அவளே இழுத்துப் பார்க்கட்டும் என்று, அது முற்றி மஞ்சளாகிக் குழம்புக்கு உதவாமல் போகும்வரை செடியிலேயே விட்டுவைத்தேன்.