உப்பில்லாத சனிக்கிழமை

மதுரேய்ரா பேட்டையின் சம்பா நடன மன்றத்தில் சனிக்கிழமை மதிய ஃபெய்ஜோவாடா என்றால் அது ஜுரேமாவின் கை. இருபத்திரண்டு வருடம். பன்றிக் காது, வால், உப்புக்கண்டம் எல்லாம் கறுப்பு பீன்ஸோடு வெந்து குழையும் பெரிய பானை; நூற்றிருபது தட்டு. முதல் தட்டைச் சமைத்தவளே எல்லார் முன்னாலும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

பித்தப்பையை எடுத்தபின் பன்றிக் கொழுப்பு அவள் வயிற்றில் தங்கவில்லை. ருசி மட்டும் பார்த்துவிட்டுப் பரிமாறச் சொன்னார்கள்.

"நான் திங்க முடியாததை உங்களுக்குப் போட மாட்டேன்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை பானையில் இறைச்சி இல்லை. பலாப்பிஞ்சு, காளான், பூசணி.

முதல் வாயிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. உப்பு இல்லை. இத்தனை வருடமும் பானைக்கு உப்பைக் கொண்டுவந்தது உப்புக்கண்டம்தான். மூன்று தண்ணீர் மாற்றி அதைக் குறைப்பதே அவள் வேலை. பானையில் உப்புப் போட அவள் கை பழகவே இல்லை. முகத்தில் காட்டாமல் தட்டைக் காலி செய்தாள்.

மற்றவர்கள் பாதியில் வைத்துவிட்டார்கள்.

"என்னக்கா, பானையும் உங்ககூட ஆஸ்பத்திரியிலதான் இருந்துச்சா?" என்றான் வால்டெசிர். மன்றத்தில் பெருமுரசு அடிப்பவன். கரண்டி மேல் அவனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

"உப்பு மறந்துட்டேன்டா. உன்னைப் படைச்சவன் அறிவை மறந்த மாதிரி."

"பன்னி இல்லாம இது ஃபெய்ஜோவாடாவே இல்லக்கா. கரண்டியக் குடுத்துட்டு உக்காருங்க."

"அடுத்த சனிக்கிழமை பானையில ஒரு தட்டு மிஞ்சினா கரண்டிய எடுத்துக்கோ. எல்லாரும் கேட்டுக்கங்க."

வீட்டில் மகள் லின்டாவுரா ஒரு தராசைக் கொண்டுவந்து வைத்தாள். லிஃப்ட் மெக்கானிக் அவள்.

"கிராம் கணக்குல எழுதி வச்சுக்கலாம்மா."

"எனக்கே பாடம் எடுக்கறியா?" என்ற ஜுரேமா, "சரி, எழுது" என்றாள்.

பலாப்பிஞ்சை இறைச்சியைப் போலவே நடத்தினாள். பூண்டும் கல்லுப்பும் தேய்த்து இரண்டு நாள் ஊறல். பிறகு நான்கு மணி நேரம் கரிப்புகை. பானைக்குள் தோலோடு ஓர் ஆரஞ்சு. கடைசியில், தராசில் நிறுத்த உப்பு.

அந்தச் சனிக்கிழமை முதல் தட்டை அவசரமில்லாமல் சாப்பிட்டாள். சிரிக்க வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். வால்டெசிர் இரண்டாம் முறை தட்டை நீட்டியபோது அவள் கீரையைக் கொஞ்சம் கூடுதலாக வைத்தாள்.

மூன்று மணிக்கு வரிசை தீர்ந்தது. அவன் பானைக்குள் எட்டிப் பார்த்தான்.

"அக்கா, ஒரு தட்டு இருக்கு."

ஜுரேமா பானையைச் சுரண்டி ஒரே தட்டில் குவித்தாள். மரவள்ளி மாவைத் தூவினாள். அவனுக்கு எதிரே பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வேணாம்க்கா, உங்க வயிறு தாங்காது."

"முதல் தட்டு மட்டும்தான் என்னோடதுன்னு எவன் சொன்னான்?"

கடைசி பீன்ஸ் வரை சாப்பிட்டாள். எழுந்து பானையைக் கவிழ்த்தாள்.

"எங்கடா மிச்சம்?"

அதன்பின் ஒன்பது வருடம் கரண்டி அவளிடமே இருந்தது. இந்த ஏப்ரலில், ஒரு வியாழக்கிழமை, இறந்தாள். சனிக்கிழமை பானை அடுப்பில் ஏறியது, இறைச்சி இல்லாமல்தான். லின்டாவுரா உப்பை நிறுத்துப் போட்டாள். முதல் தட்டோடு உட்கார்ந்தவளுக்குப் பாதிக்கு மேல் இறங்கவில்லை.

வால்டெசிர் பக்கத்தில் வந்து நின்றான். "முடிச்சிடும்மா. மிச்சம் வச்சா நான் கரண்டியக் கேப்பேன்."

அவள் முடித்தாள்.